உப்பு வாங்கப் போன யோனாஸ்

என் மடத்தனம் ஒன்றை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட அது மேல். ஆம்பூரில் எங்கள் சபையார் என்னையும் என் மனைவி மெர்சியையும் வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்பிவைத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் திரும்பி வந்தால் பெட்டியில்தான் வருவேன்" என்று முழங்கினேன். சவப்பெட்டியைத்தான் சொன்னேன். யாரும் கேட்காமல், யாரும் மிரட்டாமல், காலையில் வயிறு நிறைய இட்லி தின்றுவிட்டு நின்ற ஒருவன் சொன்ன வாக்கியம் அது. சபையில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கே என்மேல் கொஞ்சம் அழுகை வந்தது.

எலிசபெத் அக்கா மட்டும் அழவில்லை. ஷூ கம்பெனியில் தையல் பிரிவிலிருந்து ரிட்டயர் ஆனவர். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்ப்பவர். வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி சேர்ப்பது அவர் வேலை. உலை வைக்கும்போது ஊழியத்துக்கென்று ஒரு கைப்பிடி அரிசியைப் பெண்கள் தனியே எடுத்து வைப்பார்களே, அதுதான். அப்படிச் சேர்ந்த கைப்பிடிகள்தான் எங்களை விமானத்தில் ஏற்றின. அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். தையலைப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

போன வாரம் கணியம்பாடியில், வெளியூர் ஊழியத்துக்குத் தயாராகும் உங்கள் பயிற்சி வீட்டில், உங்களில் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஐயா, போற எடத்துல கலவரம் வந்தா இருக்கணுமா, கெளம்பணுமா? ஆண்டவரோட சித்தம் இன்னான்னு எப்டித் தெரியும்?" நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்தேன். டீ வந்தது, தப்பித்தேன். பேருந்தில் ஆம்பூர் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என் மடியில் உட்கார்ந்துகொண்டு வந்தது. ஆகவே எழுதுகிறேன். வேடிக்கை இதில் கம்மியாகத்தான் இருக்கும்.

நாட்டின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் சபை இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள். கடல் தாண்டி, மலைமேல் ஒரு ஊர். குளிர்ந்த காற்று, கணக்கில்லாத ஆடுகள். ஆட்டைத் தின்றுவிட்டுத் தோலைக் குப்பையில் எறியும் ஊர் என்று கேள்விப்பட்டபோதே தோலை நம்பிப் பிழைக்கும் ஆம்பூர்க்காரனாகிய எனக்கு நெஞ்சு பதறியது. அங்குள்ள சபை ஒரு தொழிற்பள்ளி தொடங்க விரும்பியது. தோல் பதனிடவும் செருப்புத் தைக்கவும் கற்றுக்கொடுக்க ஆள் கேட்டார்கள். பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு டேனரியில் பாதி ஆயுசைக் கழித்தவன் நான். தபால் வழியில் இலக்கியம் படித்து எம்.ஏ. வாங்கியதால் டேனரியில் என்னை 'வாத்தியார்' என்பார்கள், இலக்கியம் பேசுகிற இடங்களில் 'தோல்காரர்' என்பார்கள். ஆண்டவர் என்னைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் என் பரிசுத்தம் அல்ல. பச்சைத்தோல்.

அங்கே எங்களுக்குக் கையும் வாயுமாக இருந்தவன் யோனாஸ். என்னைவிட இளையவன். பள்ளியின் பிக்கப் வண்டியை ஓட்டுவான், ஸ்டோர் பார்ப்பான், ஞாயிற்றுக்கிழமைகளில் என் பிரசங்கத்தை மொழிபெயர்ப்பான். அவன் மொழிபெயர்ப்பு அசலில் பாதி நீளம்தான் இருக்கும். "அசலைவிட அதுதான் நல்லாருக்கு" என்பாள் மெர்சி. எங்களிடமிருந்து அவன் கற்ற தமிழ் முழுவதும் மெர்சியின் அடுப்படித் தமிழ். காலையில் வந்ததும், "அக்கா, இன்னா இன்னிக்கு? பேஜாரா?" என்று கேட்பான். அவன் மனைவி ராகேலும், பள்ளிக்கூடம் போகும் அவர்கள் மகளும் எங்கள் வளாகத்திலேயே ஒரு அறையில் இருந்தார்கள்.

அந்த ஊரில் பெரும்பாலோர் பேசும் மொழி ஒன்று, யோனாஸ் வீட்டில் பேசும் மொழி வேறு. தலைமுறை தலைமுறையாக இதை யாரும் பொருட்படுத்தவில்லை. தலைநகரில் சண்டை மூண்டதும் எல்லாருக்கும் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. சந்தைக்குப் போகும் சாலையில் துப்பாக்கி வைத்த இளைஞர்கள் மரத்தைக் குறுக்கே போட்டு, வருகிறவர்களின் அடையாள அட்டையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எங்களை ஒன்றும் செய்யவில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினால், "இந்தியா! இந்தியா!" என்று ஒரு சினிமாப் பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடி, கையசைத்து அனுப்பிவிடுவார்கள். யோனாஸின் மொழிக்காரர்களை இறக்கி நிறுத்தினார்கள். சிலரைத் திரும்ப ஏற்றினார்கள். சிலரை ஏற்றவில்லை.

அந்த ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த மலையாளி ஒருவர் எனக்குப் போன் செய்தார். நாளை மதியம் இந்தியர்கள் எல்லாரும் வரிசையாக எல்லைக்குக் கிளம்புகிறோம், உதவி நிறுவனத்தின் வெள்ளை வண்டிகள் முன்னால் போகும், உங்கள் பிக்கப்பையும் நடுவில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வண்டிக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று நாளைக்கு மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். பேசி வைத்திருக்கிறோம்" என்றார்.

நாங்கள் இருவரும் யோனாஸ் குடும்பம் மூவரும் கிளம்பினால் ஐந்து பேரும் பிழைப்போம். விஷயம் அவ்வளவுதான். இதற்கு எம்.ஏ. தேவையில்லை, விசுவாசம்கூடப் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் நான் ஆம்பூரில் மைக்கில் ஒன்று சொல்லியிருந்தேனே! பெட்டியில் வருவேன் என்றவன் பிக்கப்பில் தப்பி வந்தான் என்று நாளைக்கு யாராவது சொன்னால்? "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று போனை வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் அறைக்குள் போய் வாக்குத்தத்த டப்பாவை எடுத்தேன். உங்கள் வீடுகளிலும் இருக்கும். ரொட்டி வடிவத்தில் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே பைபிள் வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகள். புது வருஷ ஆராதனையில் ஆளுக்கொன்று எடுத்து, வருஷம் முழுக்க அதைக் கண்ணாடியில் செருகி வைக்கிறோம். அதில் தப்பில்லை. நான் செய்தது வேறு. கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். புறப்பட்டுப் போகிறவனுக்குத் துணையாக வருவேன் என்ற பொருளில் ஒரு வசனம். அதைத் திரும்ப வைத்தேன். இரண்டாவது, ஆகாரத்தைப் பற்றியது. அதையும் வைத்தேன். மூன்றாவது, சுற்றிலும் எத்தனை பேர் விழுந்தாலும் உனக்கு ஒன்றும் ஆகாது என்ற பொருளில் வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

வாசலில் மெர்சி நின்றிருந்தாள்.

"அது எத்தினாவது அட்ட?"

"எத்தனையாவதா இருந்தா இன்னா? ஆண்டவர் பேசிட்டாரு."

"மொதல் ரெண்டுலயும் அவரு கொட்டாவி உட்டாரா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "ஏங்க, நம்ம ரெண்டு பேருக்கு ஆபத்து இல்ல. இருந்தாலும் ஒண்ணு, போனாலும் ஒண்ணு. உங்களுக்குன்னு எடுத்த அட்டைய அந்தப் புள்ளைங்களுக்கும் சேத்து எப்டிப் படிக்கிறீங்க?"

எனக்கு ஆவிக்குரிய கோபம் வந்தது. மற்றக் கோபங்களைவிட அது ஜாஸ்தி சத்தம் போடும். விசுவாசம் இல்லாதவள் என்று சொல்லிவிட்டேன்.

வெளியே பிக்கப்பில் பாய், போர்வை, கெட்டில் எல்லாம் ஏற்றியிருந்தது. ராகேலும் மகளும் பின்னால் ஏறி உட்கார்ந்தேயிருந்தார்கள். யோனாஸ் பானெட்டின் மேல் கை வைத்துக்கொண்டு கேட்டான்: "அண்ணே, ஆண்டவர் இன்னா சொல்றாரு?"

"இருக்கச் சொல்றாரு."

அவன் பானெட்டிலிருந்து கையை எடுத்தான். "சரி அண்ணே" என்றான். நீ போ, நான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மொழிபெயர்ப்பாளன் இல்லாமல் நான் யாருக்கு வீரம் காட்டுவது? அவன் போர்வையை இறக்கினான், கெட்டிலை இறக்கினான். ராகேல் கடைசியில் இறங்கினாள். மலையாளி வாத்தியாரின் வரிசை எங்கள் கேட்டைத் தாண்டிப் போனபோது ஒரு வண்டி நின்று ஹார்ன் அடித்தது. நான் கையசைத்தேன். எதையோ வென்றவன் மாதிரி அசைத்தேன்.

மறுநாள் உப்பு தீர்ந்துபோனது.

பண்டிகை முடிந்த வாரம் அது. ஊரெல்லாம் ஆடு அறுத்திருந்தார்கள். எங்கள் பள்ளிக் கிடங்கில், உரித்தபடியே வந்த பச்சைத்தோல் மார்பளவு குவிந்திருந்தது. பச்சைத்தோலுக்கு உப்புத்தான் உயிர். உப்புப் போட்டுவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்கும், போடாவிட்டால் இரண்டாம் நாளே முடி உதிர்ந்து அழுகும். தோல் அழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஆம்பூரில் வளர்ந்தவனால் முடியாது. பாலாற்றில் வெள்ளம் வந்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய வருஷம்கூட, எங்கள் அப்பா முதலில் டேனரிக்குத்தான் ஓடினார். ஊர் எரிகிறது, தோலைக் காப்பாற்றி யாருக்கு விற்கப்போகிறோம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கை பழகிய வேலையைக் கை கேட்டது. அதோடு, நெஞ்சில் அந்த அட்டை இருந்தது.

"யோனாஸ், சந்தைல உப்பு கெடைக்குமா?"

"கெடைக்கும் அண்ணே. எவ்ளோ?"

"கம்மியா வாங்காத. ஜாஸ்தியாவே வாங்கிக்கினு வா."

அவன் சிரித்தான். ஜாஸ்தி என்ற சொல் அவனுக்குப் பிடிக்கும். ராகேல் அறை வாசலில் நின்று அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். அவன் தோளைக் குலுக்கி, என்னைக் காட்டி, பதில் சொன்னான். என்னவென்று நான் கேட்கவில்லை. உள்ளே போய் மேஜை முன்னால் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்க வேண்டியிருந்தது. தலைப்பு: பயப்படாதே.

பிற்பகலில் எங்கள் பிக்கப் கேட்டைத் தாண்டிப் போனது. உள்ளே யோனாஸ் இல்லை. பின்னால் துப்பாக்கியோடு இளைஞர்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் உப்பு மூட்டையின் மேல் கால் வைத்திருந்தான்.

நான் கேட்டருகே நின்றிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு வசனமும் ஞாபகம் வரவில்லை. மெர்சி என்னைத் தாண்டிப்போய் ராகேலின் கையைப் பிடித்தாள். அழவிடவில்லை, விளக்கம் சொல்லவில்லை. தாயையும் மகளையும் நேராகத் தோல் கிடங்குக்குள் அழைத்துப்போய், குவியலுக்கும் பின்சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் உட்காரவைத்தாள். முன்பக்கம் மேலும் தோல்களை இழுத்துப் போட்டாள். கலவை என்ற ஊர்ப்பக்கத்து வாத்தியார் வீட்டுப் பெண் அவள். கல்யாணமாகி ஆம்பூர் வந்த புதிதில் ஊர் நாற்றம் தாங்காமல் மூன்று மாதம் மூக்கில் முந்தானையோடு இருந்தவள்.

நான் கதவருகே நின்று, "ஆண்டவர் காப்பாத்துவாரு மெர்சி" என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"காப்பாத்துவாரான்னு எனக்குத் தெரியாதுங்க. யோனாஸ காப்பாத்துனாரா?" என்றாள். கையெல்லாம் ஆட்டுக்கொழுப்பு. "கூட இருக்காரு. அது தெரியும். நீங்க கதவ சாத்துங்க."

பிள்ளைகளே, என் ஊழிய வாழ்க்கையில் நான் கேட்ட விசுவாச அறிக்கைகளில் மைக் இல்லாமல் சொல்லப்பட்டது அது ஒன்றுதான்.

உப்பில்லாத தோல் அழுக ஆரம்பித்தது. இரண்டு பகல் வெயிலில் கிடங்கு என்ன ஆகியிருக்கும் என்று உங்களில் டேனரி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்ல முடியாது. தண்ணீரும் ரொட்டியும் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவோம். ராகேல் எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் எடுத்த அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பதிலும் வரவில்லை. ஆனாலும் எழுந்து போக முடியவில்லை. பதில் சொல்லாத ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது. இதற்குமேல் அதை விளக்க எனக்குத் தெரியாது.

துப்பாக்கி இளைஞர்கள் வந்தார்கள். யோனாஸின் குடும்பம் எங்கே என்று கேட்டார்கள். மெர்சி அவர்களை ஒவ்வோர் அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். கடைசியில், அவர்கள் கேட்கும் முன்பே கிடங்குக் கதவைத் தானே அகலத் திறந்து, அடுப்படிக்குள் போகிறவள் மாதிரி உள்ளே நடந்தாள். தலைவன் ஒரு அடி வைத்தான். சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, சுவரைப் பிடித்துக் குமட்டினான். அவன் ஆட்களுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்குக் கோபம் வந்தது. துப்பாக்கியை என் பக்கம் திருப்பி, "இந்தியர்கள் இதற்குள்ளேயா குடியிருக்கிறீர்கள்?" என்றான்.

எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் சொன்னேன்: "எங்கள் ஊர் இதைவிட மோசம்."

அவன் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் அவனும் சிரித்தான். போய்விட்டார்கள். அந்த மொழியில், மொழிபெயர்ப்பாளன் இல்லாமல் நான் செய்த ஒரே பிரசங்கம் அது.

தோல்களை விலக்கினோம். ராகேல் மகளின் வாயைப் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அம்மாவின் உள்ளங்கைக்குள்ளேயே வாந்தி எடுத்திருந்தது. சத்தம் வரக் கூடாது என்று அதையும் அடக்கிக்கொண்டு, கண் பிதுங்க. ராகேலின் விரல்களை நாங்கள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

அடுத்து ஒரு வரிசை கிளம்பியபோது போனோம். நான் டப்பாவைத் தொடவில்லை. மெர்சி சொன்னாள், ஏறினேன். எல்லைக்கு அப்பால் ராகேலின் சித்தப்பா வீடு இருந்தது. அங்கே விட்டோம். மாவு ஆலைக்குப் பின்னால் யோனாஸைப் புதைத்ததாக ஊர்ச் சபை மூப்பர் ஒருவர் எங்களிடம் சொல்லியிருந்தார். பிரியும்போது ராகேல் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: ஆலைக்குப் பின்னால் என்றால் வாய்க்கால் பக்கமா, மதில் பக்கமா? பிள்ளை பெரியவளானால் காட்ட வேண்டுமாம். எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருப்பதும் விசுவாசம்தான், கிளம்புவதும் விசுவாசம்தான். இரண்டையும் செய்து கெட்டுப்போனவர்களும் உண்டு, செய்து நிலைத்தவர்களும் உண்டு. டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிறவன் மேல்பக்கப் பளபளப்பைப் பார்த்து முடிவு செய்யமாட்டான். திருப்பிப்போட்டு, சதைப் பக்கம் தடவிப் பார்ப்பான். உரிக்கும்போது கத்தி பட்ட இடமெல்லாம் அங்கேதான் தெரியும். உங்கள் விசுவாச முடிவையும் ஒருமுறை திருப்பிப்போட்டுப் பாருங்கள். கத்தி யார்மேல் படும்? உங்கள்மேல் என்றால் தாராளமாக இருங்கள், நான் தடுக்கவில்லை. உங்களை 'அண்ணே' என்று கூப்பிடுகிறவன்மேல் என்றால், முதலில் அவனை ஏற்றி அனுப்பிவிட்டு, பிறகு முழங்கால் போடுங்கள். பயப்படுகிறவனோடு ஆண்டவர் இருக்கமாட்டார் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்தக் கிடங்கின் உள்ளேயும் வெளியேயும் பயந்துகொண்டுதான் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்.

ஆம்பூருக்கு வந்தோம். விமானத்தில், சீட்டில் உட்கார்ந்து, கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு வந்தோம். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். இங்கே எழுதியதை எல்லாம் சொன்னேன். அட்டையைச் சொன்னேன், உப்பைச் சொன்னேன். முடிந்ததும் கமிட்டி மெம்பர் ஒருவர் கண்கலங்கி எழுந்தார்.

"ஸ்தோத்திரம் பிரதர்! உப்பு வந்திருந்தா நாத்தம் வந்திருக்குமா? நாத்தம் இல்லாட்டி அந்தத் தாயும் புள்ளயும் பொழைச்சிருப்பாங்களா? உப்பு வராததே தேவ செயல்! இதை அப்டியே எழுதிக் குடுங்க, நம்ம பத்திரிகைல போடலாம்."

அந்தக் கணக்கை நானும் பல இரவுகள் போட்டுப் பார்த்தவன்தான். போட்டுப் பார்த்தால் விடை சரியாகக்கூட வருகிறது. ஆனால் யோனாஸைச் சில்லறையாகக் கொடுத்து ஆண்டவர் அற்புதம் வாங்கினார் என்று என்னால் எழுத முடியாது. அவரும் அப்படிப்பட்டவர் அல்ல என்று நம்பித்தான் இன்னமும் அவரிடம் ஜெபிக்கிறேன். மெம்பரிடம் அதைச் சொன்னேன். அவர் எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்.

வெளியே வந்தேன். கேட்டருகே எலிசபெத் அக்கா பிடியரிசிப் பையோடு நின்றிருந்தார். மெர்சியின் கன்னத்தைத் தடவினார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதே பார்வை.

"சாட்சி நல்லாருந்திச்சிப்பா. ஒரே ஒரு டவுட்டு."

"கேளுங்கக்கா."

"இந்தியாக்காரன அங்க யாரும் தொடலேன்னு நீயே சொன்ன. பெட்டியிலதான் வருவேன்னு இங்க மைக்ல சொன்னதும் நீதான்." பையை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டார். "அப்பறம் அந்த உப்ப வாங்க நீ போறதுக்கு இன்னா?"